சிறிய பிஎம்எஸ் குழுவுக்குச் சொந்த டாஷ்போர்டு: எக்செல்லிலிருந்து எப்படி வெளியேறுவது?

#1 — தரவுத்தறி, 2 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு சிறிய போர்ட்ஃபோலியோ மேலாண்மை நிறுவனத்தில், அதாவது பிஎம்எஸ் என்று நாம் சொல்லும் வகை நிறுவனத்தில், ஆய்வாளராகப் பணியாற்றுகிறேன். வேறு ஆள் இல்லாததால் தரவுப் பொறுப்பும் என் தலையில்தான் இருக்கிறது. முதலீட்டுக் குழுவில் ஆறு பேர்; மூன்று முதலீட்டு உத்திகள்; ஏறக்குறைய 140 வாடிக்கையாளர் கணக்குகள். இவை அனைத்தையும் இன்று 23 தாள்கள் கொண்ட ஓர் எக்செல் கோப்பு தாங்கி நிற்கிறது. அதைக் காலையில் திறப்பதற்கே நான்கு நிமிடங்கள் ஆகின்றன. இருவர் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எந்தப் பிரதி சரியானது என்ற விசாரணையில் மேலும் அரை மணி நேரம் போய்விடுகிறது.

எங்கள் தலைமை முதலீட்டு அதிகாரி மூன்று மாத அவகாசம் கொடுத்து, "எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும்" என்று ஒரு டாஷ்போர்டு கேட்டிருக்கிறார். மைக்ரோசாஃப்டின் அறிக்கைக் கருவியான பவர் பிஐயைத் தேர்ந்தெடுப்பதா, பைத்தான் நிரல்மொழியில் திரைகளை எழுத உதவும் ஸ்ட்ரீம்லிட் கொண்டு நாங்களே எழுதுவதா, ஆயத்த மென்பொருளை வாங்குவதா என்று முடிவு செய்ய முடியாமல் இருக்கிறேன். இத்தகைய பணியைச் செய்து முடித்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#2 — அடையாறு வாசி, 2 ஜூன் 2025

எந்தக் கருவி என்ற கேள்வியைச் சில வாரங்கள் தள்ளி வையுங்கள். "எல்லாம் ஒரே திரையில்" என்று எவராவது கேட்டால், தமக்கு எது வேண்டும் என்பதை அவர் இன்னும் யோசிக்கவில்லை என்று பொருள். இதில் உங்கள் அதிகாரியை மட்டும் குறை சொல்வதற்கில்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில் ஏழு மாதம் உழைத்து 40 கட்டங்கள் கொண்ட டாஷ்போர்டுப் பலகை ஒன்றைக் கட்டினோம். துறைவாரி வெப்பப்படம், காரணிப் பகுப்பாய்வு, உலக வரைபடம் என்று ஒன்றையும் விடவில்லை. ஆறு மாதம் கழித்து யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தபோது, முதல் பக்கத்தைத் தாண்டிச் சென்றவர் ஒரே ஒருவர்தான் என்று தெரிந்தது. அந்த ஒருவரும் நான்தான். ஏதேனும் பழுதாகியிருக்கிறதா என்று பார்க்கத் திறந்திருக்கிறேன்.

எனவே ஒரு வேலை செய்யுங்கள். சந்தை திறக்கும் முன் உங்கள் குழு கூடுமல்லவா? ஒரு வாரம் அங்கே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்து, கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியையும், அதற்கு விடை கிடைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும், விடை தெரிந்தபின் எவராவது எதையாவது மாற்றிச் செய்தார்களா என்பதையும் எழுதுங்கள். கடைசிப் பத்தியில், அதாவது கடைசி நெடுவரிசையில், "ஆம்" என்று வரும் கேள்விகளுக்கு மட்டும் பலகையில் இடம் கொடுத்தால் போதும்.

#3 — பழைய டீலர், 3 ஜூன் 2025

ஆறு பேருக்கும் 140 கணக்குகளுக்கும் எக்செல்லே போதும் என்பது என் கருத்து. 23 தாள்களை ஆறாகக் குறைத்து, கோப்பைப் பூட்டி, ஒருவர் மட்டும் திருத்தலாம் என்று விதி வையுங்கள். டாஷ்போர்டு கட்டுகிறேன் என்று கிளம்பி, கட்டியவர் வேலையை விட்டுப் போனதும் எவரும் தொட அஞ்சும் பொருளாக அது மாறிப்போனதை இரண்டு இடங்களில் பார்த்துவிட்டேன்.

#4 — நிரலி, 3 ஜூன் 2025

பழைய டீலர் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கட்டியவர் போய்விட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் எக்செல்லுக்கும் அதே கதிதான் நேர்கிறது. அங்கே அது வெளியில் தெரிவதில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு. 2012இல் ஜேபி மோர்கன் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் 600 கோடி டாலருக்கும் மேல் நட்டம் ஏற்பட்ட விவகாரத்தில், இடர் மதிப்பை, அதாவது எவ்வளவு நட்டம் வரக்கூடும் என்பதை, கணக்கிட்ட கணித மாதிரி, கையால் நகலெடுத்து ஒட்டப்பட்ட எக்செல் தாள்களின் மேல் நின்றிருந்தது. சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்த ஒரு சூத்திரம் இடரைக் குறைத்துக் காட்டியது என்று வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே 2013இல் கூறியது. நட்டத்துக்கு அந்தச் சூத்திரம் மட்டுமே காரணம் அன்று. ஆனால் பிழை கண்ணில் படாமல் கிடந்ததற்கு எக்செல்லின் இயல்பே காரணம்.

தரவுத்தறி அவர்களுக்கு என் யோசனை வேறு. பலகையில் என்ன வரைவது என்பதற்கு முன், பலகைக்கு அடியில் இருக்கும் மூன்று அட்டவணைகளைச் சரி செய்யுங்கள். உங்கள் மூன்று மாதத்தில் இரண்டு மாதம் அதிலேயே போகும், போகட்டும்.

முதலாவது, பங்கின் அடையாளம். குறியீட்டை, அதாவது சந்தையில் வழங்கும் சுருக்கப் பெயரை, நம்பி எதையும் இணைக்காதீர்கள். சொமேட்டோ 2025இல் எட்டர்னல் ஆயிற்று; குறியீடும் மாறியது. குறியீட்டை வைத்து இணைத்திருந்தால், நேற்று வரை வைத்திருந்த பங்கு இன்று காணாமல் போய், புதிதாக ஒரு பங்கு எங்கிருந்தோ முளைத்ததாகப் பலகை காட்டும். அப்படியானால் பங்குக்கு வழங்கப்படும் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்னை நம்பலாமா என்றால், அதுவும் முழுமையாக இல்லை. நம் நாட்டில் பங்கின் பெயரளவு மதிப்பான முகமதிப்பு மாறினால் ஐஎஸ்ஐஎன்னும் மாறும். நெஸ்லே இந்தியா 2024 ஜனவரியில் 10 ரூபாய் முகமதிப்பை 1 ரூபாயாகப் பிரித்தபோதும், ஹெச்டிஎஃப்சி வங்கி 2019இல் 2 ரூபாயை 1 ரூபாயாக ஆக்கியபோதும் பழைய எண் செல்லாததாகிப் புதிய எண் வந்தது. ஆனால் போனஸ் பங்கு, அதாவது இலவசமாகக் கூடுதல் பங்கு, கொடுத்தால் எண் மாறாது. எனவே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நீங்களே ஓர் உள் எண் கொடுத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த ஐஎஸ்ஐஎன், எந்தக் குறியீடு என்பதைத் தனி அட்டவணையில் வையுங்கள்.

இரண்டாவது, நிறுவன நடவடிக்கைகள், அதாவது போனஸ், பிரிப்பு, இணைப்பு போன்றவை. 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்சியல் பிரிந்த நாளை நினைத்துப் பாருங்கள். முந்தைய நாள் 2,841.85 ரூபாயாக இருந்த ரிலையன்ஸ், காலையில் நடந்த சிறப்பு அமர்வில் 2,580 ரூபாய் என்று நிர்ணயமாயிற்று, வித்தியாசமான 261.85 ரூபாய் ஜியோ ஃபைனான்சியலின் விலை ஆயிற்று. இதை அறியாத பலகை, ரிலையன்ஸ் ஒரே நாளில் 9.2 சதவீதம் சரிந்ததாகச் சிவப்பில் அலறும். பிரிந்த பங்கோ ஆகஸ்ட் 21 வரை பட்டியலிடப்படவே இல்லை. ஒரு மாதம் அதற்குச் சந்தை விலை கிடையாது, ஆனால் வாடிக்கையாளரின் கணக்கில் அது சொத்து. வாங்கிய விலையையும் 95.32 சதவீதம், 4.68 சதவீதம் என்று பிரித்து எழுதியாக வேண்டும். ஹெச்டிஎஃப்சி நிறுவனம் வங்கியோடு இணைந்தபோது 25 பங்குகளுக்கு 42 பங்குகள் என்ற விகிதம். அங்கே பின்னப் பங்குகளுக்கு வந்த ரொக்கத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று தலையை உடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

இதற்கு என் வழி எளிது. சந்தையிலிருந்து வந்த விலையை வந்தபடியே சேமித்து, அதை ஒருபோதும் மாற்றி எழுதாதீர்கள். போனஸ், முகமதிப்புப் பிரிப்பு, நிறுவனப் பிரிவினை ஆகியவற்றைத் தனி அட்டவணையில் எழுதி, திருத்திய விலையைக் கேட்கும்போது கணக்கிட்டுக் கொள்ளுங்கள். மாற்றி எழுதிவிட்டால், பிழை நேர்ந்தபின் திரும்பிப் போக வழி இருக்காது.

மூன்றாவது, கையிருப்பு. உங்கள் பரிவர்த்தனைப் பதிவிலிருந்து நீங்கள் கணக்கிடும் கையிருப்பும், வாடிக்கையாளரின் பங்குகளைப் பாதுகாத்து வைக்கும் நிறுவனமான கஸ்டோடியன் தினமும் அனுப்பும் கையிருப்பும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வோர் இரவும் ஒப்பிட வேண்டும். பொருந்தாத நாளில் பலகையின் தலையில் மஞ்சள் பட்டை ஒன்று தெரியட்டும். வண்ணப் படங்கள் அனைத்தையும் விட அந்தப் பட்டைக்குத்தான் மதிப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

#5 — தரவுத்தறி, 11 ஜூன் 2025

அடையாறு வாசி ஐயா சொன்னபடி ஒரு வாரம் எழுதினேன். மொத்தம் 61 கேள்விகள். அவற்றில் 19 கேள்விகள் "இது நேற்றைய விலையா, அதற்கு முந்தைய நாளுடையதா?" என்ற ஒன்றின் வெவ்வேறு வடிவங்கள். முடிவை மாற்றியவை மொத்தம் ஒன்பதே. எந்தக் கணக்குகள் தாம் பின்பற்ற வேண்டிய மாதிரிப் போர்ட்ஃபோலியோவிலிருந்து விலகியிருக்கின்றன, எங்கே ரொக்கம் சும்மா கிடக்கிறது, இந்தச் சிறு நிறுவனப் பங்கிலிருந்து வெளியேற எத்தனை நாளாகும், அடுத்த இரு வாரங்களில் எந்தெந்த நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை வெளியிடுகின்றன என்ற நான்கிலும் பெரும்பாலானவை அடங்கிவிட்டன. எவரும் ஒரு முறை கூடத் துறைவாரி வட்டப்படத்தைக் கேட்கவில்லை. எங்கள் எக்செல்லில் அப்படி ஏழு இருக்கின்றன.

#6 — மும்பைவாசி, 12 ஜூன் 2025

நானும் பிஎம்எஸ் துறையில் இருப்பதால், மியூச்சுவல் ஃபண்டுக்கு எழுதப்பட்ட வடிவமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கிறேன். அங்கே ஒரு திட்டம் என்றால் ஒரே கூடை. நம்மிடத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி டிமேட் கணக்கு. ஒரே உத்தியில் இருப்பவர்களும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு விலையில் நுழைந்தவர்கள். ஒருவர் ஒரு குறிப்பிட்ட துறைப் பங்குகள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருப்பார். இன்னொருவர் பாதியில் பணம் எடுத்திருப்பார்.

இதனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒன்று, வெளியேறும் நாள் கணக்கு. கணக்கு ஒன்றுக்கு 900 பங்குகள் என்று பார்த்தால் எதுவும் பெரிதாகத் தோன்றாது. 140 கணக்குகளையும் கூட்டினால் 1,26,000 பங்குகள். அந்தப் பங்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60,000 கைமாறுகிறது, அதில் 20 சதவீதத்துக்கு மேல் நாம் விற்றால் விலை விழும் என்று வைத்துக்கொண்டால், முழுவதும் வெளியேற பத்து நாளுக்கு மேல் ஆகும். நடுத்தர, சிறு நிறுவனப் பங்குகளில் முதலீடு செய்யும் மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகள் இத்தகைய கணக்கை 2024 மார்ச் முதல் பொதுவெளியில் வெளியிட்டு வருகின்றன; நம்மை எவரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். கூட்டுத்தொகையில் பார்க்காமல் கணக்குவாரியாக மட்டும் காட்டும் பலகை இந்த ஆபத்தை மறைத்துவிடும்.

மற்றொன்று, வருமான விகிதம். சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி நாம் அறிவிக்க வேண்டியது, பணம் எப்போது வந்தது, போனது என்பதன் தாக்கத்தை நீக்கிய காலஎடை வருமானம். வாடிக்கையாளர் தம் வங்கிக் கணக்கைப் பார்த்துக் கேட்பது, அந்தத் தாக்கத்தையும் சேர்த்த பணஎடை வருமானம். இவை எவ்வளவு முரண்படும் என்பதற்கு நான் புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு இது: ஒருவர் 50 லட்சம் போடுகிறார், அது 20 சதவீதம் உயர்ந்து 60 லட்சமாகிறது, மகிழ்ச்சியில் மேலும் ஒரு கோடி போடுகிறார், பிறகு சந்தை 10 சதவீதம் இறங்குகிறது. கையில் இருப்பது 1.44 கோடி, போட்டது 1.5 கோடி, ஆறு லட்சம் நட்டம். ஆனால் காலஎடைக் கணக்கில் நம் உத்தி 8 சதவீதம் ஈட்டியிருக்கிறது. இரண்டும் உண்மை. பலகையில் "வருமானம்" என்று வெறுமனே தலைப்பிட்டு ஓர் எண்ணைப் போட்டால், ஆய்வாளர் ஒன்றையும் வாடிக்கையாளர் தொடர்பு அலுவலர் மற்றொன்றையும் சொல்லி, தொலைபேசியில் அவமானப்படுவோம். எனவே பெயரை முழுமையாக எழுதுங்கள். உத்தியோடு ஒப்பிடும் சந்தைக் குறியீட்டெண்ணையும் டிவிடெண்ட் சேர்த்த மொத்த வருமான வடிவிலேயே எடுங்கள்.

#7 — பழைய டீலர், 12 ஜூன் 2025

என் எதிர்ப்பைச் சற்றுத் தளர்த்துகிறேன். ஒன்பது கேள்விகள் என்றால் கட்டலாம். ஆனால் நேரலை விலை இல்லாத பலகையை யார் பார்ப்பார்கள்?

#8 — அடையாறு வாசி, 13 ஜூன் 2025

மூன்று ஆண்டுகள் வைத்திருப்பதற்காக வாங்கிய பங்கின் விலை நொடிக்கு நொடி மாறுவதைக் காட்டினால், குழு அதையே பார்த்துக்கொண்டிருக்கும். வாங்கும், விற்கும் ஆணைகளைச் செயல்படுத்தும் டீலருக்கு நேரலை வேண்டும். அவருக்கு அதற்கென்று தனித் திரையும் இருக்கிறது. சந்தையின் நேரலைத் தரவை எடுத்து இன்னொரு திரையில் ஊட்டுவதற்கு உரிமமும் கட்டணமும் உண்டு. அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவிடலாம். நாள் முடிவு விலை, அது எந்த நாளுடையது என்ற குறிப்புடன் பெரிய எழுத்தில் இருந்தால் அந்த 19 கேள்விகளும் நின்றுவிடும்.

#9 — நிரலி, 15 ஜூன் 2025

அடையாறு வாசி ஐயாவோடு உடன்படுகிறேன். நாள் முடிவுத் தரவிலும் சில கண்ணிகள் உண்டு. நான் விழுந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

சனி, ஞாயிறு விடுமுறை என்று நிரலில் எழுதிவிடாதீர்கள். 2023 நவம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை தீபாவளி முகூர்த்த வர்த்தகம் நடந்தது. 2024 ஜனவரி 20 சனிக்கிழமை சந்தை இயங்கி, திங்கட்கிழமை மூடியிருந்தது. 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை பட்ஜெட் நாள் என்பதால் சந்தை இயங்கியது. விடுமுறைப் பட்டியலை அட்டவணையாக வைத்து, சந்தையின் அறிவிப்பு வந்ததும் கையால் திருத்துவதே பாதுகாப்பு. அதேபோல் தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ தன் தினசரி விலைக் கோப்பான பவ்காப்பியின் வடிவத்தை 2024 ஜூலை 8 முதல் மாற்றியது. அன்று மாலை பத்திப் பெயர்களை நம்பி எழுதிய நிரல்கள் பல இடங்களில் படுத்துக்கொண்டன. கோப்பு வரவில்லை என்றால் நிரல் உரக்கச் சொல்ல வேண்டும். நேற்றைய எண்ணை இன்றையதுபோல் காட்டி அமைதியாக இருப்பதுதான் மிகப் பெரிய குற்றம்.

நிறுவன முடிவுகளில் அலகுச் சிக்கல் உண்டு. ஒருவர் லட்சத்தில் தருவார், ஒருவர் கோடியில், இன்னொருவர் மில்லியனில். நிதியாண்டும் எல்லோருக்கும் மார்ச்சில் முடிவதில்லை. நெஸ்லே இந்தியா நாட்காட்டி ஆண்டிலிருந்து ஏப்ரல்–மார்ச்சுக்கு மாறியபோது ஒரு நிதியாண்டே 15 மாதமாக நீண்டது; அதை அறியாமல் ஆண்டு வளர்ச்சியைக் கணக்கிட்டால் காபி வியாபாரம் திடீரென்று எகிறியதாகத் தோன்றும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒவ்வொரு தரவுக்கும் இரண்டு தேதிகள் வையுங்கள்: அது எந்த நாளைப் பற்றியது, அது நமக்கு எந்த நாளில் தெரிந்தது. மார்ச் காலாண்டின் முடிவு மார்ச் 31 அன்று எவருக்கும் தெரியாது. மே மாதத்தில்தான் பல நிறுவனங்கள் வெளியிடுகின்றன. தெரிந்த தேதியைச் சேமிக்காவிட்டால், "அப்போது நாம் ஏன் வாங்கினோம்?" என்று பின்னர் ஆராயும்போது, அன்று இல்லாத அறிவை அன்றைய முடிவின் மேல் ஏற்றிவிடுவீர்கள். ஒரு வருடம் கழித்து உங்கள் குழு தன் தவறுகளைத் திரும்பிப் பார்க்க விரும்பினால், அட்டவணையின் இந்த ஒரு பத்திக்காக உங்களுக்கு நன்றி சொல்லும்.

கருவி பற்றியும் ஒரு சொல். தரவு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒழுங்காக இருந்தால், மேலே பவர் பிஐயோ மெட்டாபேஸோ எது வந்தாலும் இரண்டு வாரத்தில் மாற்றிவிடலாம். ஸ்ட்ரீம்லிட் எழுத எளிது. ஆனால் யார் எந்த வாடிக்கையாளரைப் பார்க்கலாம் என்ற அனுமதிக் கட்டுப்பாட்டை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். ஆய்வாளருக்கு வாடிக்கையாளரின் பெயர் தேவையில்லை. கணக்கு எண் போதும்.

#10 — தரவுத்தறி, 30 ஆகஸ்ட் 2025

மூன்று மாதம் நேற்றோடு முடிந்ததால் நிலவரம் சொல்ல வந்தேன். போஸ்ட்கிரெஸ், இரவில் ஓடும் ஏழு பைத்தான் நிரல்கள், மேலே பவர் பிஐ; இதற்கான உரிமம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருந்ததால் வாக்குவாதம் எழவில்லை. பக்கங்கள் நான்குதான். லட்சம், கோடி என்று எண்களைக் காட்ட மட்டும் நான் எழுதிய வடிவச் சூத்திரங்களை எண்ணினால் சிரிப்பீர்கள்; மில்லியனை மட்டுமே அறிந்த மென்பொருளுக்கு நம் காற்புள்ளியைக் கற்பிப்பது தனிப் பணி.

திட்டத்தில் பெரிய சறுக்கலும் இருந்தது. பழைய பரிவர்த்தனைகளை எக்செல்லிலிருந்து எடுத்தபோது 140 கணக்குகளில் 31 கணக்குகள் கஸ்டோடியனோடு ஒட்டவில்லை. ஒவ்வொன்றாகத் தேடியதில் பெரும்பாலானவை மறந்துபோன போனஸும் பிரிப்பும்தான்; ஐந்து கணக்குகளில் எவரோ சூத்திரத்தின் மேல் எண்ணைத் தட்டச்சு செய்திருந்தார்கள். இதிலேயே ஆறு வாரம் போயிற்று. நிரலி அவர்கள் இரண்டு மாதம் என்று சொன்னபோது மிகைப்படுத்துகிறார் என்று நினைத்ததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரம் ஹெச்டிஎஃப்சி வங்கியின் ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தது. போனஸ் யாருக்கு உரியது என்பதைத் தீர்மானிக்கும் பதிவுத் தேதி ஆகஸ்ட் 27. ஆனால் அன்று விநாயகர் சதுர்த்தி விடுமுறை என்பதால் 26ஆம் தேதியே விலை பாதியானது. போனஸ் பங்குகள் கணக்கில் வந்து சேராததால், கஸ்டோடியன் கோப்பில் பழைய எண்ணிக்கையும் புதிய விலையும் பெருக்கப்பட்டு, எங்கள் மிகப் பெரிய கையிருப்பு பாதி மதிப்பில் நின்றது. நான் பதிவுத் தேதியையே விலை மாறும் தேதியாக எழுதிவைத்திருந்தேன். எனவே எங்கள் சொந்தக் கணக்கும் அன்று மாலை தவறாகவே இருந்தது; இரண்டும் ஒரே மாதிரித் தவறியதால் மஞ்சள் பட்டையும் வரவில்லை. எங்கள் அலுவலக டீலர்தான் பார்த்துச் சொன்னார்.

#11 — நிரலி, 30 ஆகஸ்ட் 2025

இரண்டும் ஒன்றுபோல் தவறினால் ஒப்பீடு உதவாது. ஒரு நாளில் எந்தப் பங்காவது 20 சதவீதத்துக்கு மேல் நகர்ந்து, அந்த நாளுக்கு நடவடிக்கை அட்டவணையில் வரி ஏதும் இல்லை என்றால் பட்டை எரியுமாறு இன்னொரு சோதனையைச் சேருங்கள். போனஸ் பற்றி இயக்குநர் குழு அறிவித்தது ஜூலை 19. அந்தத் தேதி உங்கள் "தெரிந்த நாள்" பத்தியில் இருக்கிறதா?

#12 — தரவுத்தறி, 31 ஆகஸ்ட் 2025

இருக்கிறது. விலை மாறும் தேதிக்கென்று தனிப் பத்தி இப்போதுதான் சேர்த்தேன். நீங்கள் சொன்ன சோதனையைப் பழைய தரவின் மேல் ஓட்டிப் பார்த்ததில் மேலும் நான்கு நாட்கள் சிக்கின. திங்கட்கிழமை அவற்றைப் பார்க்க வேண்டும்.

#13 — பழைய டீலர், 31 ஆகஸ்ட் 2025

பார்த்துச் சொன்னவர் டீலர் என்பதை எவரும் கவனிக்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக மட்டும் இந்தப் பதிவு.